குழாயைத் திறந்து ஒரு கேள்வி கேளுங்கள்

பெங்களூர் அல்சூரில் மாலை டியூஷன் எடுக்க ஆரம்பித்த புதிதில் நான் செய்த தப்பு, "கணக்குக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க" என்று நேராகக் கேட்டது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பாடங்களுக்கு இடையே உள்ள தொடர்பைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டுமா? பாடத்தின் பெயரையே எடுக்காதீர்கள். வீட்டில் தினமும் புழங்கும் ஒன்றைப் பற்றி, சட்டென்று விடை வராத ஒரு கேள்வியைப் போடுங்கள், போதும்.

பெங்களூர்க்காரர்களுக்குக் காவிரித் தண்ணீர் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் நம் ஊருக்கு ஏறி வர எவ்வளவு கரண்ட் ஆகும்? மேப்பைக் கொடுத்து அவர்களையே தேடவிடுங்கள்: காவிரித் தண்ணீரை நம் ஊருக்கு ஏற்றி அனுப்பும் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், உயரம் ஏறக்குறைய 500 மீட்டர். ஒன்பதாம் வகுப்பில் படித்த நிலையாற்றல் வாய்பாட்டில் போட்டால் 49 லட்சம் ஜூல் வரும், ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல், ஆக குறைந்தது 1.36 யூனிட். பம்பிலும் குழாயிலும் வீணாவது தனி. (போர்வெல் வீட்டுப் பிள்ளையா? ஆழத்தைக் கேட்டு வந்து அதே கணக்கைப் போடட்டும்.)

அந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். அப்போது பிரசங்கம் வேண்டாம். 1902இல் இதே காவிரி விழும் சிவனசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, முதலில் கோலார் தங்கவயலுக்குத்தான் கம்பி இழுத்தார்கள், பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905இல், இதை மட்டும் சொல்லிவிட்டு "ஊரை விட்டுட்டு சுரங்கத்துக்கு ஏன் முதல்ல?" என்று கேட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் கஷ்டம்.

நம் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவருக்காவது தங்கவயலில் வேலை பார்த்த தாத்தா இருப்பார். அப்படி ஒரு பெண் தாத்தாவிடம் கேட்டு வந்து, சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அப்போ அங்கயும் ஊறுற தண்ணிய மேல ஏத்தணுமே மிஸ், அதே கணக்குதானே?" என்றாள். நான் யோசித்தே பார்க்காத இணைப்பு அது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தண்ணீர்தானே பாடம் என்று காவிரியைப் படம் வரையச் சொல்வதெல்லாம் சும்மா ஒட்டவைப்பது. ஒட்டவைத்த அந்தப் பாடத்தை நீக்கிவிட்டாலும் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறதா என்று பாருங்கள், கிடைத்தால் அதை விட்டுவிடலாம். அப்புறம், இதற்கு மார்க் போடாதீர்கள். போட்டால் அடுத்த தடவை உங்களுக்குப் பிடித்த இணைப்பைத்தான் தேடிக்கொண்டு வருவார்கள்.