பாப்அப் தொல்லை: மூடுவதற்கு முன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன" என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. மூடினால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. உடனே பலரும் ஏதாவது ஒரு இலவச 'கிளீனர்' மென்பொருளைத் தேடி நிறுவிவிடுகிறார்கள். பெரிய தவறே இதுதான். பெட்டி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மருந்து தேடுகிறோம். அந்த மருந்துகளில் பல, சொந்த விளம்பரங்களையும் கூட்டிக்கொண்டு வரும்.

மூலையில் வரும் பெட்டி பல நேரம் வைரஸே இல்லை. ஏதோ ஒரு இணையதளத்துக்கு நாம் கொடுத்த அனுமதி. ஒரு காலத்தில் விண்டோஸின் 'மெசஞ்சர்' சேவை வழியாக, யாரும் நம்மைக் கேட்காமலே திரையில் செய்தி போட முடிந்தது. 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 'சர்வீஸ் பேக் 2' என்ற பெரிய அப்டேட் வந்தபோது அந்தக் கதவை மைக்ரோசாஃப்ட் சாத்தியது. இப்போது நம் ஒரு கிளிக் ஏமாற்றுக்காரர்களுக்குத் தேவை. அதனால்தான் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட 'அலவ்' அழுத்துங்கள்" என்று ஏமாற்றுகிறார்கள். அழுத்திவிட்டால், அந்தப் பக்கத்தை மூடிய பிறகும் நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருக்கும். விண்டோஸ் சொல்வதுபோலவே தோன்றும். ஆனால் உற்றுப் பாருங்கள், பெட்டியிலேயே பிரவுசரின் பெயரும் தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும்.

இதற்குப் பிரவுசரின் பாப்அப் தடுப்பான் உதவாது. அது தானாகத் திறக்கும் புதிய ஜன்னல்களைத்தான் தடுக்கும். ஹிஸ்டரியை அழித்தாலும் போகாது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். அறியாத பெயர்களை வெறுமனே நீக்காமல் 'பிளாக்' செய்யுங்கள். நீக்கினால் அந்தத் தளம் மறுபடி கேட்கலாம். எரிச்சலில் விண்டோஸின் எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிட வேண்டாம். பாதுகாப்பு எச்சரிக்கைகளும் அதோடு மறைந்துவிடும்.

திரை முழுவதும் மறைத்து, சைரன் ஒலியோடு "உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வருவது வேறு ரகம். பணத்தைப் பறிப்பதற்கென்றே செய்தது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. அழைக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் உள்ள எக்ஸ் குறியையும் தொடாதீர்கள், அது வெறும் படமாக இருக்கலாம். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், பிறகு ஆல்ட்டும் எஃப்4-உம். அதற்கும் மசியவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள், இல்லாவிட்டால் அதே பக்கம் திரும்பி வரும்.

பயத்தில் ஏற்கெனவே அழைத்து, கணினியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைப்பதுதான் இங்கே மிக மோசமான தவறு. முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். வங்கிக்கு அன்றே சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இது நடந்தால் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் விளம்பரம் குதித்தால், பிரவுசரில் இருக்கும் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது அதோடு சேர்க்கப்படும் சிறு துணை நிரல்களைப் பாருங்கள். இலவச மென்பொருளை நிறுவும்போது படிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' தட்டினால் கூடவே ஒட்டிக்கொண்டு வருபவை இவை. நீங்கள் சேர்க்காத எதையும் நீக்கிவிடலாம். அப்புறம், நிறுவிய மென்பொருள் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். தொல்லை தொடங்கிய நாளில் புதிதாக வந்தது எது என்று தெரிந்துவிடும்.

கணினியோடு வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ், காலம் முடிந்ததும் "புதுப்பியுங்கள்" என்று நச்சரிக்கும். அதை நீக்கப் பயப்பட வேண்டாம். நீக்கியதும் விண்டோஸ் 10, 11-இல் உள்ள டிஃபெண்டர் என்ற சொந்த ஆன்டிவைரஸ் தானாகவே பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.