சபை ஏன் வாய்மூடி நிற்கிறது? ஆராதனைப் பாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாமாலையும் கீர்த்தனையும் பாடும் தமிழ்ச் சபைகள் பலவற்றில் ஞாயிறு காலை இப்படித்தான் இருக்கிறது: பாடகர் குழு முழுக்குரலில் பாடுகிறது, கீபோர்டு முழங்குகிறது, பெஞ்சுகளில் இருப்பவர்கள் புத்தகத்தை விரித்தபடி சும்மா நிற்கிறார்கள். 'சபைக்கு ஆர்வமில்லை' என்று பழி அவர்கள் தலையில் விழுகிறது. பெரும்பாலும் தடை இருப்பது ஸ்ருதியிலும் தாளத்திலும் மைக்கிலும்தான். கொலோசெயர் 3:16 சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் 'ஒருவருக்கொருவர் போதித்து' என்று சொல்கிறது. அப்படியானால் பாட வேண்டியவர்கள் சபையார் எல்லாரும். குழு அவர்களுக்குத் துணை நிற்க வந்தது.

முதலில் ஸ்ருதி. முன்னணிப் பாடகிக்கு ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது ஸ்ருதியைக் குறிக்கும் அளவு) வசதியாக இருக்கும். அதே ஸ்ருதியில் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ச'வை, தாண்டும் பாட்டை எடுத்தால் சபையில் பாதிப்பேர் பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவியிலேயே நின்றுவிடுவார்கள். பயிற்சியில்லாத கலப்புக் கூட்டம் சிரமமின்றிப் பாடும் எல்லை, பெண்குரல் கணக்கில், நடு 'சி'க்கு ஒரு சுரம் கீழிருந்து மேல் 'டி' வரை. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். ஆகவே பாட்டின் உச்ச சுரம் எது, அடி சுரம் எது என்று முதலில் பாருங்கள். மெட்டு ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை மட்டும் போனால் ஒரு கட்டை, அதாவது 'சி', போதும். மேல் காந்தாரம் ('க') வரை ஏறினால் கீழ் ஸ்தாயியின் ஆறரைக் கட்டைக்கு, அதாவது 'பி ஃபிளாட்'டுக்கு, இறக்குங்கள். கீபோர்டில் ஸ்ருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானில் மைனஸ் 2 வைத்தால் முடிந்தது. ஆராதனை முடிந்ததும் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டு, அடுத்த வாரம் எல்லாரும் தவிப்பது உண்டு.

கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பதைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து தமிழ்க் கீர்த்தனைகள் கர்நாடக இசையின் அச்சில் வார்க்கப்பட்டவை; அந்த ஒரு வரிதான் பாட்டின் அஸ்திவாரம். ரூபக தாளப் பாட்டுக்கு கீபோர்டில் 4/4 ஸ்டைலை (தானாக ஓடும் தாளத்தை) போட்டுவிட்டு, சபை தாளம் தப்புகிறது என்று குறை சொல்லக்கூடாது. ரூபகத்துக்கு 3/4, திஸ்ர நடைக்கு 6/8, ஆதிக்கு 4/4 என்று தேடுங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால் ஸ்டைலை அணைத்துவிட்டு வெறும் ஸ்வரம் வாசியுங்கள்.

எடுப்பிலும், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்திலும், கோளாறு வரும். பல கீர்த்தனைகள் தாளம் விழுந்து அரை அட்சரம் (தாள எண்ணிக்கை) தள்ளித் தொடங்குகின்றன. முன்னிசை வேறு ஏதோ மெட்டில் ஓடி நின்றால் எங்கே நுழைவது என்று சபைக்குத் தெரியாது. பல்லவியையே ஒரு முறை வாசியுங்கள். நடத்துபவர் கையை உயர்த்தி, எல்லாரும் பார்க்கும்படி மூச்செடுக்கட்டும். சரணங்களுக்கு நடுவே சினிமா பாணி இடையிசை வேண்டாம். ஆதி தாளத்தில் 8 அட்சரம் போதும், ஒவ்வொரு முறையும் அதே 8.

மேல்நாட்டு மெட்டில் பாமாலைப் பாடல்களைப் பாடும்போது அதிகம் அடிபடுவது தமிழ்தான். குறில் எழுத்தின்மேல் நீண்ட ஸ்வரம் விழுந்தால் 'வரம் தாரும்' என்பது 'வாரம் தாரும்' ஆகிவிடும். 'வ'வைக் குறுக்கி, 'ர'வுக்குச் சீக்கிரம் போய், மீதி நீளத்தை 'ம்'மில் இழுங்கள். மெட்டும் கெடாது, பொருளும் நிற்கும். லகர ளகர ழகரமும் அப்படியே. 'பலி'யானவரை 'பழி'யாக்கிப் பாடினால் அறிக்கையே மாறிப்போகிறது. பயிற்சியில் முதல் 5 நிமிடம் மெட்டில்லாமல் வரிகளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கருத்தோடு பாடுவேன் என்று பவுல் சொன்னதற்கு இதைவிட எளிய வழி தெரியவில்லை. வரிக்கு வரி அசை எண்ணிக்கை, 8.7.8.7 போல, ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மெட்டை மாற்றிவிடவும் கூடாது: ஒரு மெட்டு அழுத்தமான தட்டில் தொடங்கும், இன்னொன்று அதற்கு முந்தைய மெல்லிய தட்டில் தொடங்கும். எண்ணிக்கை சரியாக இருந்தும் சொற்கள் நொண்டும்.

நீளமான பழைய கல் ஆலயங்களில் பாட்டு சரணத்துக்குச் சரணம் மெதுவாகிக்கொண்டே போவதற்குக் காரணம் சோம்பல் கிடையாது. ஒலி 34 மீட்டர் போக 0.1 நொடி ஆகும். பின்வரிசையார் கேட்டதோடு சேர்ந்து பாடினாலும், அவர்கள் குரல் முன்னால் வந்து சேர 0.2 நொடி பிந்தும். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் அது கால் தட்டுக்கும் மேல். வாசிப்பவர் சபைக்காகக் காத்தால், சபை அவருக்காகக் காக்கும், இருவரும் சேர்ந்து இழுபடுவார்கள். வாசிப்பவர் காத்திருக்கவே கூடாது. ஒவ்வொரு வரிக் கடைசி ஸ்வரத்தையும் சற்றுக் குறுக்கி மூச்சுக்கு இடம் விட்டால் சபை தானாக ஒட்டிக்கொள்ளும்.

மைக் விஷயத்தில் ஒரு சோதனை. கடைசிச் சரணத்தில் எல்லா மைக்கையும் வாத்தியத்தையும் நிறுத்துங்கள். பாட்டு அப்படியே அடங்கிப்போனால் அதுவரை பாடியது ஸ்பீக்கர்தான். தன் குரலும் பக்கத்தில் நிற்பவர் குரலும் காதில் விழாதவர் பாட மாட்டார். நடத்துபவருக்கு ஒரு மைக், குழுவுக்குச் சற்றுக் குறைந்த அளவில் ஒன்று. சின்ன ஆலயத்துக்கு அதற்குமேல் தேவையில்லை.

திரையில் வரிகளைக் காட்டுபவர், கடைசிச் சொல் தொடங்கும்போதே அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியைத் திரும்பக் காட்டுங்கள். இணையத்தில் கிடைக்கும் வரிகளை அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே போடுங்கள். புதுப்பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும்; ஆராதனைக்கு முன் 10 நிமிடம் சொல்லிக்கொடுத்து, தொடர்ந்து 3 ஞாயிறு பாடுங்கள்.

நேரமில்லை என்று நடுச் சரணங்களை வெட்டுவது கடைசித் தவறு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சரணம் சரணமாகப் போகும் பாட்டில் '1, 2, 4 மட்டும்' என்று அறிவித்தால் ஆவியானவர் பாட்டிலிருந்தே விழுந்துவிடுவார். நான்கு வரிச் சரணம் வரிக்கு 8 தட்டு, மொத்தம் 32. 80 வேகத்தில் 24 நொடி. அந்த 24 நொடியை அறிவிப்புகளில் மிச்சப்படுத்தலாம்.