சீம் சீலர்: தப்பு நடப்பது டியூபைத் திறப்பதற்கு முன்பே

கார் பாடியில் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டிங் அடிக்கும்போது, ஒரு வெல்டிங் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி ஒன்று தங்கிவிடும். தண்ணீர் அதற்குள் தானாகவே இழுபட்டு உள்ளே போகும், ஆனால் காற்றோட்டம் இல்லாததால் லேசில் காயாது. துரு அங்கேதான் ஆரம்பிக்கும். டியூபில் வரும் களிம்பு போன்ற சீம் சீலரின் வேலை அந்த இடைவெளியின் வாயை அடைப்பதுதான். தூசி, புகை, இரைச்சல் உள்ளே வராமல் தடுப்பதும் அதுவே.

வேலை இவ்வளவு எளிதாகத் தெரிவதால்தான் பலர் இதைக் கடைசி ஐந்து நிமிட வேலையாக நினைக்கிறார்கள். டிங்கரிங் பிரமாதமாக இருக்கும், பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் சில மாதங்களில் இணைப்பின் ஓரத்தில் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். பழி சீலர் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு சீலரில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது.

முதலில் எதை வாங்கக் கூடாது என்று பார்ப்போம். குளியலறை, ஜன்னல் ஓரங்களுக்குப் போடும் சிலிகான் வேண்டவே வேண்டாம். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. பட்டறையில் சிலிகான் சிறிதளவு பரவினாலே பக்கத்துப் பேனலிலும் பெயின்ட் குழிகுழியாக விலகும். வினிகர் வாசனை வரும் சிலிகான் இன்னும் மோசம், காயும்போது அது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், வெறும் இரும்புத் தகட்டில் அந்த அமிலமே துருவைத் தொடங்கிவைக்கும்.

சரி, சீம் சீலர் என்றே விற்பதிலும் வகைகள் உண்டு. கரைப்பான் ஆவியாகிக் காயும் வகை விலை குறைவு. ஆனால் கரைப்பான் போகப் போகச் சுருங்கும், தடிமனாகப் போட்டால் நடுவில் பள்ளம் விழும், வெடிப்பும் வரலாம். பாலியூரித்தேன், எம்.எஸ். பாலிமர் என்று டியூபில் எழுதியிருக்கும் இரண்டு வகைகளும் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும், ரப்பர் போல வளையும், அவ்வளவாகச் சுருங்காது. இரண்டு பாகங்களைக் கலந்து போடும் எபாக்ஸி வகை, காற்றின் ஈரத்தை நம்பாமல் வேதிவினையால் சீக்கிரம் இறுகும். கதவின் மடிப்பு ஓரம் போன்ற இடங்களுக்கு அது நல்ல தேர்வு. கூரையின் நீண்ட பள்ளத்துக்குத் தானே மட்டமாகப் பரவும் வகை இருக்கிறது, அதைச் செங்குத்தான இடத்தில் போட்டால் வழிந்து இறங்கிவிடும். எல்லா இடத்துக்கும் ஒரே டியூப் என்று பிடிவாதம் பிடிப்பதில் பணம் மிச்சமாவதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. சீலர் என்பது பசை அல்ல. பேனலைப் பிடித்து வைக்கவோ, துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தை மூடவோ, சரியாகப் பொருந்தாத பேனலின் இடைவெளியை நிரப்பவோ அதைப் பயன்படுத்தினால், பெயின்டுக்கு அடியில் குறையை ஒளித்து வைக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இப்போது முக்கியமான விஷயம்: அடித்தளம். பழைய சீலர் வெடித்திருந்தால் அதன்மேலேயே புதிதாக ஒரு கோடு இழுத்துவிடுவது மிகப் பரவலான தப்பு. வெடிப்பு வழியாகத் தண்ணீர் எப்போதோ உள்ளே போயிருக்கும். மேலே பூசுவதால் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கிறோம். பழையதைச் சுரண்டி எடுத்துத் தகட்டைப் பார்க்காமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது. ஸ்கிரேப்பர், வயர் பிரஷ் போதும். ஹீட் கன் பிடிப்பதென்றால் மிதமான சூட்டில் இளக்குவதோடு நிறுத்த வேண்டும், கருகவிட்டால் வரும் புகை விஷம்.

துரு போய்ப் பளிச்சென்று தகடு தெரிந்ததும் கை பரபரக்கும். ஆனால் பெரும்பாலான சீலர்கள் வெறும் தகட்டில் நேரடியாகப் போடுவதற்கு ஏற்றவை அல்ல. நன்றாகத் துடைத்து, எமரி தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகே சீலர். சில எபாக்ஸி சீலர்களை மட்டும் வெறும் தகட்டிலும் போடலாம், அந்த விவரம் தயாரிப்பாளரின் குறிப்பில் இருக்கும். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் மேல் நேரடியாகப் போடுவதைப் பல தயாரிப்பாளர்கள் தடுக்கிறார்கள். மிச்சமிருக்கும் அமிலம் சீலர் இறுகுவதைக் கெடுக்கும், பிடிமானமும் போகும். வெல்டிங்குக்கு முன் தகடுகளுக்கு இடையே அடிக்கும் ஜிங்க் பிரைமர் வெளியே வழிந்திருந்தால் அதையும் தேய்த்து எடுக்க வேண்டும். அதன் பிடிமானம் பலவீனமானது, மேலே போடும் சீலர் அதோடு சேர்ந்தே உரிந்து வரும்.

போடும் முறைக்கு வருவோம். பழையதைச் சுரண்டும் முன்பே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கம்பெனியில் சில இடங்களில் மெல்லிய கோடாக விட்டிருப்பார்கள், சில இடங்களில் பிரஷ் அடித்தது போல இருக்கும். பானெட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் அந்தத் தோற்றம் மாறினால், வண்டி அடிபட்டது என்று விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

டியூபின் நாசிலை, அதாவது சீலர் வெளிவரும் நுனியை, பெரிதாக வெட்டிவிட்டு, அதிகமாக வந்ததை விரலால் தேய்த்துச் சமாளிப்பது வழக்கமாகிவிட்டது. இணைப்பின் அகலத்துக்கு ஏற்றபடி சிறிதாக வெட்டுங்கள். இரண்டு பாக சீலர் என்றால் நாசிலை மாட்டுவதற்கு முன் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். மாட்டிய பிறகும் முதலில் வரும் கொஞ்சத்தைத் தள்ளிவிடுங்கள். சரியாகக் கலக்காத அந்தப் பகுதி எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். விரலைத் தின்னரில் நனைத்து இழைப்பதும் தப்பு. தின்னர் மேல்பரப்பைப் பலவீனமாக்கும், பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தரும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

அப்புறம் நேரம். ஈரத்தால் இறுகும் சீலரின் மேல்தோல் அரை மணிக்குள் கட்டிவிடலாம், உள்ளே அது இன்னும் பச்சையாகவே இருக்கும். ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும், காற்று வறண்டிருந்தால் அதுவும் இல்லை. ஆனால் முழுதாகக் காயும்வரை காத்திருப்பதும் எப்போதும் சரியல்ல. சில சீலர்களில் குறிப்பிட்ட நேரத்துக்குள் பெயின்ட் அடித்தால்தான் நன்றாகப் பிடிக்கும். இதற்குப் பொது விதி கிடையாது, அந்தந்தச் சீலரின் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். கதவு மடிப்பில் சீலர் போட்ட உடனே பெயின்ட் அடிக்கும் அறையில் (பூத்தில்) சூடு ஏற்றுவது தனி வம்பு: மடிப்புக்குள் சிக்கிய காற்று விரிந்து, இளகிய சீலரைக் குமிழாகத் தள்ளும்.

கதவின் அடியிலும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சைடு சில்லிலும் தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் அதையும் சேர்த்து அடைப்பவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் கதவே தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். துருப்பிடிக்காமல் இருக்கப் பேனலின் உட்பக்கத்தில் அடிக்கும் மெழுகைப் பெயின்ட் வேலை முடிந்த பிறகு அடியுங்கள். முன்னால் அடித்தால் இணைப்பு வழியாகக் கசிந்து சீலரையும் பெயின்டையும் ஒட்டவிடாமல் செய்யும்.

சீலர் முழுதாக இறுகியதும், உள்ளே கார்ப்பெட்டை மாட்டும் முன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸை மெதுவாகத் திறந்து கீழ் இணைப்பிலிருந்து மேலே வர வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் எல்லா இணைப்பையும் நனைத்துவிடும், எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.