கழுவிப் போடும் ஏர் ஃபில்டர்: வாங்கலாமா? வாங்கியாச்சு என்றால் எப்படிக் கழுவுவது?

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம் என் டீசல் ஸ்விஃப்ட் திடீரென்று கிழடு தட்டிப்போனது. மூன்றாவது கியரில் ஓவர்டேக் எடுக்கலாம் என்று மிதித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நகரும். கரூர் பைபாஸ் மேம்பாலத்தில் பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தே என்னை மேலே ஏற்றிவிட்டார். இரண்டு நாள் கழித்துச் செக் இன்ஜின் லைட். டர்போ போச்சு, இன்ஜெக்டர் போச்சு என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள், எல்லாமே ஐந்து இலக்கச் செலவு. கடைசியில் பார்த்தால், முந்தின ஞாயிற்றுக்கிழமை நானே மாடியில் உட்கார்ந்து ஆசை ஆசையாகக் கழுவி எண்ணெய் போட்ட ஏர் ஃபில்டர்தான் காரணம்.

அதனால் இந்தப் பதிவு. பானெட்டை எப்படித் திறப்பது, ஏர் ஃபில்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் சொல்லப்போவதில்லை, அது வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது.

முதலில் இது என்ன சாமான் என்று பார்த்துவிடலாம். சாதாரண ஃபில்டர் மடிப்பு மடிப்பான காகிதம். அழுக்கானால் தூக்கிப்போட வேண்டியதுதான். கழுவிப் போடும் ஃபில்டரில் கம்பி வலைக்கு நடுவே பல அடுக்குப் பருத்தித் துணி இருக்கும், அதில் பிசுபிசுப்பான எண்ணெய். தூசி அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் கே அண்ட் என் கம்பெனி 1969-இல் ஆரம்பித்தது, இந்த வகைக்கு அவர்கள் பெயர்தான் பிரபலம். இத்தாலியின் பிஎம்சியும் இதே பருத்தி வகைதான் செய்கிறது. இங்கிலாந்தின் பைப்பர்கிராஸ் ஸ்பாஞ்ச் மாதிரியான நுரையில் செய்கிறது. எண்ணெயே வேண்டாத, செயற்கை இழையில் செய்த உலர் வகையும் உண்டு. கழுவும் வகைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது அந்த உலர் வகையைத்தான். ஏன் என்று கீழே புரியும்.

சரி, லாபமா நஷ்டமா? நான் வாங்கியபோது ஃபில்டர் 4,600 ரூபாய், கழுவும் திரவமும் எண்ணெயும் சேர்ந்த கிட் 1,650. மொத்தம் 6,250. என் வண்டிக்குப் பேப்பர் ஃபில்டர் 320 ரூபாய், 20,000 கிலோமீட்டருக்கு ஒன்று மாற்றுகிறேன். அந்தக் காசுக்குப் பத்தொன்பது பேப்பர் ஃபில்டர் வரும், அதாவது 3,80,000 கிலோமீட்டர். அதுவரை இந்த வண்டி என்னிடம் இருக்குமா, நான் அதை ஓட்டுகிற நிலையில் இருப்பேனா என்பதே சந்தேகம். காசு மிச்சம் என்பதை முதலில் மறந்துவிடுங்கள்.

மைலேஜ் கூடும் என்கிறார்களே? 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் ஒரு சோதனை செய்தது. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமே இல்லை, ஏனென்றால் வரும் காற்றை அளந்து அதற்கேற்பத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடுகிறது. வண்டி வேகம் எடுப்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. பழைய கார்புரேட்டர் வண்டியில் மட்டும் 2 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் மாறியது. அடைத்துக்கொண்ட ஃபில்டராலேயே மைலேஜ் குறையவில்லை என்றால், கொஞ்சம் தாராளமாகக் காற்று விடும் ஃபில்டரால் அது எங்கிருந்து கூடும்?

எனக்குப் பெரிய கவலை தூசிதான். காற்று தாராளமாகப் போகிற துணி வழியே நுண்ணிய தூசியும் கொஞ்சம் தாராளமாகவே போகும். கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஃபில்டர் 99 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 97. கேட்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் உள்ளே போவது ஒரு பங்குக்குப் பதில் மூன்று பங்கு. நான் தினமும் போவது க.பரமத்தி பக்கம், கல்குவாரியும் கிரஷரும் இருக்கிற ரோடு, வேப்பமரத்து இலைகூட அங்கே வெள்ளையாகத்தான் இருக்கும். அந்தக் கல்தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அப்புறம் வண்டி இன்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பிக்கும்.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. குப்பை குறையும். பெட்ரோல் வண்டியில் மிதிக்கும்போது ஒரு உறுமல் கேட்கும், அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, அது தப்பும் இல்லை. பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டி என்றால் தூசிப் பயமும் குறைவு. என் தம்பி சென்னை – திருச்சி ரோட்டிலேயே குடியிருக்கிறவன், அவன் வண்டியில் இது நன்றாகவே ஓடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை கழுவிக்கொடுப்பது மட்டும் நான்.

இனி கழுவும் வேலை.

படி 1: ஃபில்டரை எடுப்பதற்கு முன்னால் பெட்டியைச் சுற்றி ஈரத்துணியால் துடையுங்கள். இல்லையென்றால் மூடியைத் திறந்ததும் மேலே இருக்கிற மண் எல்லாம் நேராக இன்ஜினுக்குப் போகும் குழாய் வாயில் விழும். ஃபில்டரை எடுத்ததும் அந்த வாயில் ஒரு சுத்தமான துணியை வையுங்கள், திரும்ப மாட்டும்போது எடுக்கவும் மறக்காதீர்கள்.

படி 2: லேசாகத் தட்டிப் பெரிய குப்பையை உதிர்த்துவிட்டு, கிட்டில் வரும் கழுவும் திரவத்தை இரண்டு பக்கமும் அடித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், துணி சோப்புத்தூள் எதுவும் வேண்டாம், துணியும் ஓர ரப்பரும் கெட்டுவிடும்.

படி 3: குழாய்த் தண்ணீரில் அலசுங்கள், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி. அதாவது இன்ஜினைப் பார்த்து இருக்கும் பக்கத்தில் தண்ணீரை விட வேண்டும். தலைகீழாகச் செய்தால் அழுக்கை நீங்களே துணிக்குள் தள்ளிவிடுவீர்கள். வாட்டர் சர்வீஸ் கன் பக்கமே போகாதீர்கள்.

படி 4: உதறிவிட்டு நிழலில் காயவிடுங்கள். "ஏர் அடிச்சா ஒரே நிமிஷம் சார்" என்பார்கள், கம்ப்ரஸர் காற்று பட்டால் துணி இழை விலகி ஓட்டை விழும். ஹேர் டிரையரும் வேண்டாம். முழுக்கக் காய வேண்டும், மடிப்பின் அடிவரை. காய்ந்ததும் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சீரான மங்கல் வெளிச்சம் தெரிந்தால் சரி, குண்டூசி முனை அளவு பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த ஃபில்டர் அவ்வளவுதான்.

படி 5: எண்ணெய். நான் கவிழ்ந்த இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். என்னிடம் இருந்தது பிதுக்கிவிடும் பாட்டில். ஒவ்வொரு மடிப்பின் மேட்டிலும் ஒரு கோடு விட்டேன், சிவப்பாகத் தெரிந்தது. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் கோட்டுக்குக் கோடு நடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டு. சரி, போதவில்லை போல என்று இன்னொரு சுற்று, அப்புறம் மனசு கேட்காமல் மூன்றாவது சுற்று. உண்மையில் முதல் சுற்றே போதும். எண்ணெய் துணியில் ஊறிப் பரவ இருபது நிமிடம் ஆகும், நான்தான் அந்த இருபது நிமிடத்தைக் கொடுக்கவில்லை. தோசைக்கல்லில் வெங்காயத்தை வைத்து ஒரு தேய்ப்பு தேய்ப்போமே, அந்த அளவுதான் வேண்டும். நான் போட்டது பூரி சுடுகிற எண்ணெய். மாட்டி ஓட்டியதும் மிச்ச எண்ணெய் பொடிச் சாரலாகக் காற்றோடு போய், ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரில் படிந்தது. அதில் சூடாகிற ஒரு மெல்லிய தகடு இருக்கும், காற்று அதை எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை வைத்துத்தான் காற்றின் அளவு கணக்காகிறது. அதன்மேல் எண்ணெய் படிந்தால் கணக்குத் தப்பும். காற்று குறைவு என்று நினைத்துக் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிட்டது, வண்டி கிழடு தட்டியது.

ஆக, புதிதாகச் செய்கிறவர்கள் ஸ்பிரே டப்பாவையே வாங்குங்கள், பாட்டில் வேண்டாம். நான்கு விரல் தள்ளிப் பிடித்து, மடிப்புக்கு ஒரே ஓட்டம், அழுக்குப் பக்கத்தில் மட்டும். பிறகு எழுந்து போய் டீ குடியுங்கள். இருபது நிமிடம் கழித்து மறுபக்கம் திருப்பிப் பார்த்து, வெள்ளையாக இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு தொடுதல். அப்புறம் ராத்திரி முழுக்கப் பழைய செய்தித்தாள் மேல் வைத்துவிடுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை பெரிதாக இருந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கிட்டில் வந்த எண்ணெய்தான் போட வேண்டும், இன்ஜின் ஆயில் ஆகாது.

படி 6: மாட்டும்போது ஓர ரப்பர் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ரப்பர் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவினால் இன்னும் நல்லது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழாயின் உள்ளே துடைத்துப் பாருங்கள். என் துணியில் கேழ்வரகு மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒட்டியது. துணி வழியாக வந்ததா, ஓரம் சரியாக உட்காராமல் வந்ததா என்று கண்டுபிடிக்கும் பொறுமை எனக்கு இல்லை, அன்றைக்கே பேப்பர் ஃபில்டருக்குத் திரும்பிவிட்டேன்.

சென்சார் ஏற்கெனவே அழுக்காகிவிட்டதா? வண்டியின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பி0101 (ஏர் ஃப்ளோ சென்சார் அளவில் கோளாறு) என்று வந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள், புது சென்சார் வாங்க ஓடாதீர்கள். சாவியை அணைத்து, இணைப்பைக் கழற்றி, நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இரண்டையும் எடுத்தால் சென்சார் கையோடு வந்துவிடும். ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயைப் பத்துப் பன்னிரண்டு தடவை அடியுங்கள், பிரேக் கிளீனரோ கார்புரேட்டர் கிளீனரோ வேண்டாம். பட்ஸ், துணி, விரல் எதுவும் உள்ளே படக்கூடாது. தானாகக் காயட்டும், அரை மணி நேரம். எனக்கு 450 ரூபாய் ஸ்பிரேயோடு முடிந்தது, மறுநாள் அதே மேம்பாலத்தில் பால் வண்டியை நான் முந்தினேன்.

பிற்சேர்க்கை 1: பேப்பர் ஃபில்டரையும் இப்படிக் கழுவலாமா என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. தண்ணீர் பட்டால் காகிதம் உப்பி மடிப்பு ஒட்டிக்கொள்ளும்.

பிற்சேர்க்கை 2: மாதாமாதம் கழுவுகிறேன் என்று ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். வேண்டாம் அண்ணே. ஓரளவு தூசி படிந்த ஃபில்டர்தான் இன்னும் நன்றாகத் தூசி பிடிக்கும், கழுவக் கழுவ ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், எண்ணெய் கூடிப்போகும் வாய்ப்பும் மாதம் ஒன்று.

பிற்சேர்க்கை 3: ஐப்பசி மழையில் இரண்டு நாளாகியும் காயவில்லை, ஆபீஸ் போக வேண்டும், ஈரத்தோடு எண்ணெய் போட்டுவிடட்டுமா என்று கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். ஈரத்தில் போட்டால் எண்ணெய் பரவாது, திட்டுத் திட்டாக நிற்கும். பழைய பேப்பர் ஃபில்டரைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் அதை மாட்டிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். தம்பி வண்டியின் டிக்கியில் ஒன்று அட்டைப்பெட்டியோடு எப்போதும் கிடக்கிறது.