‘ஐயோலி’: பெயரைப் புரிந்துகொள்வதில் நேரும் தவறுகள்

ஐயோலி என்பது பூண்டையும் எண்ணெயையும் குழைத்துச் செய்யும், தொட்டுக்கொள்ளும் கலவை. உணவகங்களின் பட்டியலில் ‘கார்லிக் ஐயோலி’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பேச்சுவழக்கில் நாம் சொல்லும் ‘நடு சென்டர்’தான் நினைவுக்கு வருகிறது. பூண்டு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. தெற்குப் பிரான்சின் ப்ரொவான்ஸ் வட்டார மொழியில் ‘ஐ’ என்றால் பூண்டு, ‘ஓலி’ என்றால் எண்ணெய். பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் பிரனீஸ் மலைக்கு அப்பால் வழங்கும் கட்டலான் மொழியில் இதன் பெயர் ‘அல்ய் இ ஓலி’, அதாவது ‘பூண்டும் எண்ணெயும்’. நடுவில் நிற்கும் ‘இ’ நம்முடைய எண்ணும்மையின் வேலையைச் செய்கிறது. ஆகவே பூண்டே சேராத மிளகாய்க் கலவைக்கும் எலுமிச்சைக் கலவைக்கும் ஐயோலி என்று பெயரிடுவது, எள் இல்லாத எள்ளுருண்டையை விற்பதைப் போன்றது.

ஸ்பெயினில் கிடைப்பதால் இதை ஸ்பானியச் சொல் என்று கருதுவதும் தவறு. ஸ்பானிய மொழியில் பூண்டுக்கு ‘ஆஹோ’ என்று வேறு சொல் உண்டு. எண்ணெயைக் குறிக்கும் சொல்லோ அரபியிலிருந்து வந்தது. ஸ்பானியத்தில் ‘அலியோலி’ என வழங்குவது கட்டலானிலிருந்து பெற்ற கடன்.

‘ஓலி’ என்பதை ஆலிவ் என்று பொருள்கொள்வோரின் பிழை சற்று நுட்பமானது. லத்தீனில் ‘ஓலெயும்’ முதலில் ஆலிவ் எண்ணெயையே குறித்தது, பின்னர் பொதுப்பெயராயிற்று. எள்ளின் நெய்யாகிய ‘எண்ணெய்’ தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவாகிவிட்ட தமிழருக்கு இது புதிதன்று. இந்தக் கலவை மரபாக ஆலிவ் எண்ணெயில்தான் செய்யப்படுகிறது என்பது உண்மை. ஆனால் இன்றைய கட்டலானில் அதைக் குறிக்க ‘ஆலிவின் ஓலி’ என்றே விரித்துச் சொல்கிறார்கள்.

பெயரில் முட்டை இல்லை. கட்டலான் மரபில் பூண்டை உப்புடன் உரலில் இடித்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைக்கிறார்கள். பூண்டின் சாறே எண்ணெயைப் பிடித்துக் கெட்டியாக்குகிறது. முட்டையையும் எண்ணெயையும் குழைத்துச் செய்வது மயோனைஸ்; இதைப் பூண்டு போட்ட மயோனைஸ் என்று விளக்குவது, பெயரையும் செய்முறையையும் ஒருங்கே தவறவிடுவதாகும். எனினும் ப்ரொவான்ஸ் வீடுகளில் மஞ்சள் கரு சேர்ப்பது பரவலான வழக்கம் என்பதால், பெயரைக் காட்டி அதைப் போலி என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெயரின் வயதையும் கலவையின் வயதையும் ஒன்றாக்குவதுதான் படித்தவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. கி.பி. 79இல் இறந்த ரோமானிய அறிஞர் மூத்த பிளினி, பெரிய பூண்டு வகை ஒன்றை எண்ணெயும் காடியும் (வினிகர்) சேர்த்து அரைத்தால் வியக்கத்தக்க அளவு நுரைத்துப் பெருகும் என்று எழுதியிருக்கிறார். அங்கே காடி இருக்கிறது, ‘ஐயோலி’ என்ற பெயர் இல்லை. கலவையின் பழமைக்கு அது ஒரு தடயமாகலாம், பெயருக்குச் சான்றாகாது.

ப்ரொவான்ஸில் இந்தப் பெயர் கிண்ணத்தோடு நிற்பதுமில்லை. அவ்வட்டாரக் கவிஞர் பிரடெரிக் மிஸ்த்ரால் 1891இல் தம் தாய்மொழியில் தொடங்கிய இதழுக்கே ‘ஐயோலி’ என்றுதான் பெயர் சூட்டினார். அங்கே ‘பெரிய ஐயோலி’ என்று கேட்பவருக்கு, தொட்டுக்கொள்ளும் கலவை மட்டும் வருவதில்லை; உப்பிட்டு ஊறவைத்த காட் மீனும், வேகவைத்த உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டையும், சில வீடுகளில் நத்தையும் நிரம்பிய முழுத் தட்டே வந்து சேரும்.