வெளிநாட்டில் ஒரு வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறீர்களா? விருந்தாளியாக இருந்துவிடாதீர்கள்

என் அண்ணன் மகள் ஆகஸ்டில் ஜெர்மனி போகிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டம், பத்து மாதம். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அத்தை, என்ன செய்யணும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. எதைச் செய்யக்கூடாதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாள். பதினாறு வயதில் நானும் அப்படி வடக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருந்துவிட்டு வந்தவள். அவளிடம் சொன்னதை, போகப்போகும் மற்ற பிள்ளைகளுக்கும் அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் தவறு நான் போன அன்றைக்கே செய்தது. அங்கே ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்கு. ரொட்டி, சீஸ், வெள்ளரித் துண்டு, அவ்வளவுதான். ஒரு துண்டு தின்று முடித்ததும் ஹோஸ்ட் அம்மா, அதாவது என்னைத் தங்கவைத்த வீட்டு அம்மா, "இன்னொன்று?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். நம் ஊரில் அது மரியாதை. ஆச்சி வீட்டில் இரண்டு தடவையாவது வேண்டாம் என்று சொல்லுவோம். பரிமாறுகிறவர்களும் "சும்மா சாப்பிடு தாயி" என்று இலையில் வைத்துவிடுவார்கள். இவரோ தலையசைத்துவிட்டு ரொட்டிக் கூடையை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி பெட்டியைத் திறந்து, அம்மா கட்டிக்கொடுத்த கைமுறுக்கை எடுத்து, கடித்தால் சத்தம் வெளியே கேட்குமே என்று வாயிலேயே ஊறவைத்து ஊறவைத்துத் தின்றேன். காலையில் படுக்கையில் கிடந்த முறுக்குத் தூளை ஹோஸ்ட் அம்மா பார்த்துவிட்டார். "நான் வைத்த சாப்பாடு உனக்குப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டபோது அவர் முகம் வாடிப்போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே ஏற்பதுதான் அவர்களுக்கு மரியாதை. வற்புறுத்துவது தப்பு என்று வளர்ந்தவர்கள். அதனால் பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள். குளிர்ந்தால் இன்னொரு போர்வை கேளுங்கள். கேட்காமல் இருந்தால் நல்ல பிள்ளை என்று நினைக்க மாட்டார்கள். இந்தப் பிள்ளைக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்றுதான் நினைப்பார்கள்.

தலையாட்டுவதிலும் கவனம் வேண்டும். நாம் தலையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டினால் சரி என்று அர்த்தம். அங்கே அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தே பதில் சொல்லுங்கள்.

நன்றி சொல்வது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. தோசை சுட்டுப்போடுகிற அம்மாவிடம் நாம் நன்றி சொல்வதில்லை, சொன்னால், "என்னட்டி, நான் என்ன வேத்தாளா?" என்று கேட்பாள். அங்கே உப்பு டப்பாவை நகர்த்தித் தந்தால்கூட நன்றி சொல்ல வேண்டும், பெற்ற தாய்க்கே சொல்கிறார்கள். முதல் மாதம் நான் சொல்லவே இல்லை. மனசு நிறைய நன்றி இருந்தது, வாயில் வரவில்லை. நான் வீட்டுப் பிள்ளையாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்களுக்கு அது அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது. கூப்பிடுவதிலும் இதே சிக்கல்தான். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வராமல், மூன்று வாரம் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் எதிரே போய் நின்று பேசினேன். கடைசியில், எங்கள் ஊர் வழக்கம் இது என்று விளக்கிச் சொன்னேன். அத்தை என்றால் என்ன, ஆச்சி என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பாட்டி எனக்கு ஆச்சி. சங்கடத்தை முதல் வாரமே இப்படிப் பேசித் தீர்த்துவிடுங்கள், மூன்று வாரம் வளர்க்காதீர்கள்.

பெற்றோர் செய்யும் பெரிய தவறு பணக் கணக்கு. "இத்தனை லட்சம் கட்டியிருக்கோம், நல்லாப் பார்த்துக்கிட வேண்டாமா?" என்று ஒரு அப்பா என்னிடமே கேட்டார். நாம் கட்டும் பணம் பயணம், காப்பீடு, திட்டத்தை நடத்தும் செலவு இவற்றுக்குப் போகிறது. மாணவர் பரிமாற்றம் நடத்தும் ரோட்டரி, ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகளில் ஹோஸ்ட் குடும்பம் பெரும்பாலும் காசு வாங்காமல்தான் பிள்ளையை வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகும் பள்ளி மாணவர்கள் விஷயத்தில், குடும்பத்துக்குக் கூலி கொடுக்கக் கூடாது என்பது விதியாகவே இருக்கிறது. ஏ.எஃப்.எஸ். முளைத்ததே போர்க்களத்தில் தன்னார்வமாக ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களிடமிருந்து. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1947ல், பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த மனசோடு கதவைத் திறக்கும் வீட்டில் விடுதி வார்டனிடம் கேட்பது போலக் கேட்கக் கூடாது. அப்புறம், இதெல்லாம் காசுள்ளவர்களுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுவதும் தவறு. அமெரிக்க அரசின் கென்னடி-லூகர் யெஸ் திட்டம் பள்ளிப் பிள்ளைகளை முழு உதவித்தொகையில் அழைத்துக்கொண்டிருக்கிறது. இந்தியப் பிள்ளைகளும் அதில் போய்வந்திருக்கிறார்கள்.

அடுத்தது போன். இன்றைய பிள்ளைகளை இதுதான் அதிகம் கெடுக்கிறது என்பேன். ஜெர்மனி கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் நாலரை மணி. அம்மா வேலையெல்லாம் முடித்து ஒன்பதரைக்கு வீடியோ கால் போட்டால், கோடையில் அங்கே சரியாக ஆறு மணி. குடும்பம் ஒன்றாக மேஜையில் உட்காரும் ஒரே நேரம் பல வீடுகளில் அதுதான். பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு மாதம் இப்படி நடந்தால் அப்புறம் அந்த மேஜையில் உங்கள் பிள்ளைக்குப் பேச ஒன்றும் இருக்காது, மொழியும் வராது. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தி, பெரியப்பா, மைனி எல்லாரும் அந்த ஒரு காலிலேயே வந்துவிடட்டும். ஹோஸ்ட் அம்மாவுக்கு நேராக வாட்ஸ்அப் போட்டு "சாப்பிட்டாளா?" என்று தினமும் கேட்காதீர்கள்.

அறைக்குள்ளேயே கிடக்காதீர்கள், பிள்ளைகளே. நவம்பர், டிசம்பரில் வடக்கு ஜெர்மனியில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நம் ஊரில் ஐப்பசி மழையில்கூட அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. வீட்டு ஏக்கம் அப்போதுதான் தொண்டையை அடைக்கும். அந்த நேரத்தில் அடுக்களைக்குப் போய் உட்காருங்கள். உருளைக்கிழங்கு தோல் சீவுங்கள். என் ஜெர்மன் மொழியில் பாதி அந்த உருளைக்கிழங்குக் கூடை முன்னால் வந்தது.

வீட்டு விஷயங்கள் சில. குளியலறைத் தரையில் தண்ணீர் சிந்தக் கூடாது. அங்கே வாளி, கப்பு கிடையாது, தொட்டிக்கு வெளியே தண்ணீர் போக வழியும் இருக்காது. தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படுத்தால் தலையணையில் துண்டு விரியுங்கள். குப்பையைப் பிரித்துப் போடும் முறையை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை திறக்காது, சத்தமும் போடக்கூடாது. "வந்துக்கிட்டே இருக்கேன்" என்ற பேச்சு அங்கே செல்லாது. பத்து நிமிடம் தாமதமானாலும் மெசேஜ் அனுப்புங்கள்.

விண்ணப்பத்தில் "எல்லாம் சாப்பிடுவேன்" என்று எழுதிவிட்டுப் போய் நிற்பது குடும்பத்தைத் தவிக்கவிடும். சைவம் என்றால் முட்டை உண்டா இல்லையா, மாடு, பன்றி சாப்பிடலாமா கூடாதா என்று தெளிவாக எழுதுங்கள். மேலப்பாளையத்திலிருந்து போகும் முஸ்லிம் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே கம்மி மிட்டாய்களில் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும்.

ஜெர்மனியில் பதினாறு வயதில் பீர் குடிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. வீட்டிலேயே ஒரு கோப்பை நீட்டலாம். ஆனால் மாணவர் திட்டங்கள் பலவற்றில் குடி, வண்டி ஓட்டுவது, போதைப்பொருள் மூன்றும் கூடாது. மீறினால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரோட்டரியில் காதலும் இந்தப் பட்டியலில் உண்டு. "எங்கள் திட்டத்தில் இது கூடாது" என்ற ஒரு வாக்கியத்தை அந்த ஊர் மொழியில் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பழகினால் சரியாகும். பழகிக்கொள்ளக் கூடாதது ஒன்று உண்டு. யாராவது தொடும் விதம், பார்க்கும் விதம், பேசும் விதம் உங்களைப் பயமுறுத்தினால், வயிற்றுக்குச் சரியாகச் சாப்பாடு இல்லாவிட்டால், "சொன்னால் அவமானம், அப்பா கட்டின பணம் போய்விடும்" என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். உங்களுக்கென்று உள்ளூரில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். அப்போது ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். குடும்பம் மாறுவது தோல்வி இல்லை. ரோட்டரியின் ஒரு வருடத் திட்டத்தில் வழக்கமாகவே ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் மாற்றி மாற்றித் தங்கவைக்கிறார்கள். பெற்றோரே, பிள்ளை இப்படிச் சொன்னால் "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள், திரும்பி வந்ததும் பிளஸ் ஒன்னில் சேர்த்துக்கொள்வார்களா என்று இங்கே பள்ளியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தையை நம்பாதீர்கள்.

பெட்டியில் நெய்யும் பால்கோவாவும் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுபோக முடியாது. பரிசுக்குப் பத்தமடைப் பாய் போதும். சின்னதாக ஒன்று, சுருட்டினால் கனமே இராது.

சமைத்துக் காட்ட ஆசைப்பட்டு நான் முதலில் வைத்தது புளிக்குழம்பு. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த குளிர்காலத்தில் வத்தல் மிளகாயைத் தாளித்தேன். வீடு முழுக்க இருமல், புகை அலாரம் வேறு அலறியது. அவர்களுக்கு ஏற்றது தேங்காய்ப்பாலில் காய் போட்டு வைக்கும் நம் திருநெல்வேலிச் சொதிதான். காரம் நாக்கைச் சுடாது, தேங்காய்ப்பால் டின் அங்கே கடையில் கிடைக்கும், முருங்கைக்காய் இல்லாவிட்டாலும் கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு போதும். அண்ணன் மகள் இந்த வாரம் அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறாள். டின் பாலில் முதல் பால், இரண்டாம் பால் கிடையாது. பாதியைத் தண்ணீர் விட்டு இளக்கி அதில் காயை வேகவைத்துப் பாசிப்பருப்பைச் சேர்க்க வேண்டும். மீதிக் கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகு.