டிரஸ்ட் பெயருக்கு டிரேட்மார்க்: எங்கே கோட்டை விடுகிறோம்

பத்திரம் பதிவாகிவிட்டது, பான் கார்டு வந்துவிட்டது, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி எல்லாம் கையில் இருக்கிறது, அதனால் பெயர் நம்முடையதுதான் என்று நிறைய டிரஸ்ட்காரர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தப் பதிவுகள் எதுவும் பெயர்மேல் தனி உரிமை தருவதில்லை, அதைத் தருவது டிரேட்மார்க், அதாவது வணிகக்குறிப் பதிவுதான். பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் அதே பெயரில் நன்கொடை வசூலித்தால், டிரேட்மார்க் பதிவு இல்லாமலும் வழக்குப் போடலாம்தான், ஆனால் அந்தப் பெயர் சொன்னால் மக்களுக்கு நீங்கள்தான் நினைவுக்கு வருகிறீர்கள் என்பதை ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டியிருக்கும். பதிவு இருந்தால் அந்தச் சுமை பெரும்பாலும் இல்லை.

இதில் பெரிய தவறு, விண்ணப்பத்தை நிறுவனர் தன் சொந்தப் பெயரில் போடுவது. காரணம் கட்டணம். ஆன்லைனில் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு (பொருள், சேவைகளைப் பிரித்திருக்கும் பட்டியலில் ஒரு பிரிவு) 4,500 ரூபாய், டிரஸ்ட், சொசைட்டிக்கு 9,000. சேவை அமைப்பு என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது. பாதிப் பணம் மிச்சம் என்று அப்போது தோன்றும். நாளைக்கு அவர் கோபித்துக்கொண்டு வெளியேறினால் பெயரும் அவரோடு போகும், இறந்துபோனால் அது வாரிசுகளின் சொத்து, நீங்கள் அவர்கள் வீட்டு வாசலில் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். ஊர் மக்கள் கொடுத்த பணத்தில் வளர்ந்த பெயர் ஒரு குடும்பத்துக்குப் போவது நியாயமே இல்லை. டிரஸ்ட் என்றால் அறங்காவலர்கள் பெயரில், டிரஸ்ட் சார்பாக என்று தெளிவாகக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். சொசைட்டி, பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கில்லாத கம்பெனி) என்றால் அதன் பெயரிலேயே போடலாம்.

லோகோவும் அப்படித்தான். தன்னார்வலர் ஒருவர் இலவசமாக வரைந்து கொடுத்திருந்தால் பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது, எழுத்துபூர்வமாக மாற்றி வாங்கிவிடுங்கள். ரத்ததானக் குழுக்கள் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை போடுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சின்னத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, நீங்கள் பயன்படுத்தவே கூடாது. காந்தி, நேரு பெயர்களுக்கும் 1950-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை போடுகிறது. அப்புறம், ‘இலவசக் கல்வி மையம்’ மாதிரி செய்கிற வேலையையே பெயராக வைத்தால் ஆட்சேபம் வரும்.

பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், நாலையும் தேடுங்கள், ஒலிப்பை வைத்துத் தேடும் வசதியும் இருக்கிறது. ‘நாங்கள் வியாபாரம் செய்யவில்லையே, எந்த வகுப்பு?’ என்று கேட்பார்கள். நன்கொடை திரட்டுவது 36, கல்வி 41, மருத்துவம் 44. செய்யாத வேலைக்கெல்லாம் பதிவு செய்து காசைக் கரைக்காதீர்கள்.

பத்து வருடமாக நடக்கும் அமைப்பு, விண்ணப்பத்தில் ‘இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்’ என்று போடுவதும் நடக்கிறது. முதல் நோட்டீஸ், பழைய ரசீதுப் புத்தகம், கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் தேடி எடுத்து, பிரமாணப் பத்திரத்தோடு பழைய தேதியையே கோருங்கள். யார் முதலில் பயன்படுத்தினார் என்ற தகராறு வந்தால் அந்தத் தேதிதான் பேசும்.

விண்ணப்பத்தில் எந்த மின்னஞ்சல் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். விண்ணப்பத்தைப் பார்த்துப் பதிவகம் அனுப்பும் பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடலாம். எப்போதோ விலகிப்போன தன்னார்வலரின் பெட்டியில் அது தூங்கினால் யாருக்கும் தெரியாது. ஆடிட்டர், செயலாளர், இன்னொரு அறங்காவலர் என்று மூன்று பேராவது பார்க்கிற பொது முகவரி ஒன்றைக் கொடுங்கள், பத்து வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போதும் அது உயிரோடு இருக்க வேண்டும்.